ஒரே ஆர்டர், ஒரே லாட்: டெல்டா ரைபிள் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ரைபிள் கிளப் நடத்தும் நிர்வாகிகளுக்கும், மாநிலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், ஆயுத உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தோட்டா கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை என்ற புலம்பல் 2020இல் ஆரம்பித்து இன்னும் ஓயவில்லை. கொரோனாவில் தொழிற்சாலைகள் முடங்கின. அதே ஆண்டு அமெரிக்காவில் மக்கள் கண்மண் தெரியாமல் வாங்கிக் குவித்தார்கள். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பாவின் வெடிமருந்தும் பிரைமரும் (அடிபட்டதும் தீப்பற்றி வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்து) ராணுவத்தின் பக்கம் திரும்பின. போட்டித் தரத்தில் .22 (0.22 அங்குல) தோட்டா செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்: இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எலி (Eley) நிறுவனம், ஜெர்மனியில் லாப்புவா, எஸ்.கே., ஆர்.டபிள்யூ.எஸ். அங்கே தும்மினால் இங்கே ரேஞ்ச் மூடிக்கிடக்கிறது. இதில் நீங்களோ நாங்களோ செய்வதற்கு ஒன்றுமில்லை.

நம் கையில் இருப்பது வேறு. எப்படி ஆர்டர் போடுகிறோம், எப்படிப் பங்கிடுகிறோம், எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது நம் பாடு. எங்கள் கணிப்பில் வெளிநாட்டுத் தட்டுப்பாடு செய்கிற சேதத்துக்குச் சற்றும் குறையாத சேதத்தை உள்ளூரில் நாமே செய்துகொள்கிறோம்.

முதல் சேதம் லாட் கலப்பு. லாட் என்பது ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்கு. .22 பெட்டியில் 50 ரவுண்டு (தோட்டா), பத்துப் பெட்டி சேர்ந்த பிரிக்கில் 500, பத்து பிரிக் சேர்ந்த கேஸில் 5,000. ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண் அச்சிட்டிருக்கும். பிராண்டு ஒன்று, பெயர் ஒன்று என்றாலும் லாட் மாறினால் குறி மாறும். ஒரு பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) பிடித்த லாட் பக்கத்து லேனில் இருக்கும் பேரலுக்குப் பிடிக்காது. கிளப்புக்கு வரும் சரக்கை வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு பெட்டி என்று பிரித்துக் கொடுக்கும்போது, ஒருவர் கையில் நான்கு லாட் சேர்ந்துவிடுகிறது. ஆடுதுறை 45 என்ற குறுகியகால நெல்லையும் சி.ஆர். 1009 என்ற நீண்டகால நெல்லையும் ஒரே நாற்றங்காலில் கலந்து விதைத்துவிட்டு, கதிர் ஏன் ஒன்றாக முற்றவில்லை என்று கேட்கிற கதைதான் இது. புள்ளி போனது கையாலா தோட்டாவாலா என்று தெரியாமல், சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருகித் திருகியே இன்னொரு பெட்டி காலியாகிறது.

ஆகவே முதல் கோரிக்கை: டெல்டா கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒரே ஆர்டர் போடுங்கள். அதை ஜனவரிக்குள் போடுங்கள். இறக்குமதி அனுமதி, வெடிபொருள் வகையில் சரக்குப் போக்குவரத்து, சுங்கம் என்று ஒவ்வொரு படியாகத் தாண்டி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மாநிலப் போட்டிக்கு முந்தின மாதம் விழித்துக்கொண்டால் யாரிடம் மிச்சம் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் விலை.

ஆர்டருக்கு முன்னால் லாட் சோதனை ஒருநாள் வையுங்கள். டீலரிடம் ஐந்து லாட்டில் தலா ஒரு பெட்டி மாதிரி கேளுங்கள். 50 மீட்டரில், ரைபிளை வைஸில் (இறுகப் பிடிக்கும் கருவியில்) பூட்டியோ, அது இல்லையென்றால் படுத்த நிலையில் ஸ்லிங் (கையோடு இறுக்கும் பட்டை) போட்டோ சுடலாம். பெட்டியின் முதல் 10 ரவுண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலுக்குள் படிந்து நிலைக்க அது தேவை. முந்தின லாட்டின் மெழுகு இருக்கும்வரை புதிய லாட்டின் குணம் தெரியாது. மிச்சம் 40ஐ நாலு பத்தாகச் சுட்டு, நான்கு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளக்க வேண்டும். நான்கில் அழகான ஒரு குரூப்பை (குண்டுத் துளைக் கூட்டத்தை) மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பெருமைப்படுவது சோதனை ஆகாது. 50 மீட்டர் ரைபிளில் 10 வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், நாற்பது துளைகளின் மையமும் 16 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கினால், சைட் சரியாக இருக்கும்போது எல்லாம் பத்துதான். ஆனால் அது கடைசி எல்லை. நம் மூச்சுக்கும் கைக்கும் அதற்குள் இடம் வேண்டும். எனவே அதைவிட நன்றாகச் சுருங்கும் லாட்டைத்தான் எடுக்க வேண்டும். எந்த லாட் அதிகம் பேருடைய பேரலுக்கு ஒத்துப்போகிறதோ அதையே மொத்தமாக ஆர்டர் செய்யுங்கள்.

பங்கிடும்போது முதலில் வந்தவருக்கு முதலில் என்பது வேண்டாம். யார் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களோ அதை வைத்துக் கொடுங்கள்; ஜூனியர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். பில்லில் லாட் எண் எழுதுங்கள். அடக்க விலை, சரக்குக் கட்டணம், சுங்கம், ஜி.எஸ்.டி., கிளப்பின் பங்கு எனத் தனித்தனியாக அறிவிப்புப் பலகையில் போடுங்கள். விலை கூடினால் கொடுக்கிறோம், ஏன் கூடியது என்று தெரிந்தால் சண்டையே வராது.

கைவசம் 1,500 ரவுண்டு மட்டும் உள்ள ஒரு 50 மீட்டர் ரைபிள் வீரரின் வருஷக் கணக்கைப் பார்ப்போம். மூன்று நிலைப் போட்டிக்கு (மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது) 60 ரவுண்டு, சைட்டருக்கு (புள்ளியில் சேராத முன்னோட்ட ஷாட்டுக்கு) சுமார் 30, ஆக 90. நாலு போட்டிக்கு 360. லாட் சோதனைக்கு ஐந்து பெட்டி, 250. மிச்சம் 890. வாரத்துக்கு ஒருமுறை 45 வீதம் 19 வாரம் ஓடும். கையில் 35 நிற்கும், அது ஜீரோ (சைட்டின் குறி அமைப்பு) சரிபார்க்க. 19 வாரம் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற வாரங்களுக்கு டிரை ஃபயரிங்கும் (தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் இழுக்கும் பயிற்சி) ஏர் ரைபிளும்தான் வழி. நாங்கள் சொல்வது: ஒரு லைவ் ரவுண்டுக்கு மூன்று டிரை. ஏர் ரைபிளில் டிரை ஃபயர் பொத்தானோ லீவரோ இருக்கும்; .22இல் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று கையேட்டைப் பார்க்காமல் வெறும் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) அடிக்கக் கூடாது. ஃபயரிங் பின் சேம்பர் ஓரத்தில் மோதி உலோகத்தைப் பிதுக்கிவிட்டால், அப்புறம் சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே வர மறுக்கும். டிரை ஃபயருக்கென்றே செய்த பிளாஸ்டிக் ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டால் கவலை இல்லை. டிரை ஃபயர் செய்யும் அறையில் ஒரு லைவ் ரவுண்டுகூட இருக்கக் கூடாது, பூட்டிய அலமாரியிலும்கூட.

ஏர் ரைபிளை ஏழையின் ரைபிள் என்று நினைக்கிற பழக்கம் நம் கிளப்புகளில் இன்னும் போகவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியத் துப்பாக்கி சுடும் அணி வாங்கிய மூன்று பதக்கங்களில் இரண்டு 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் போனதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அங்கே பத்துக்கான புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர். ட்ரிக்கர் பிழை ஒளிய இடமே இல்லை. 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பாவில், சைட்டர் சேர்த்து 80 வீதம், ஆறு முழுப் பயிற்சி ஓடும். பெல்லட்டிலும் தலை அளவு உண்டு: 4.48, 4.49, 4.50, 4.51. அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதுவே வாசல்.

ஆனால் டெல்டாவில் ஏர் ரைபிளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு: ஈரம். ஐப்பசி, கார்த்திகையில், ஏர் ரைபிளின் சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரெசர் இழுக்கும் காற்றோடு தண்ணீரும் வருகிறது. ஈரப் பிரிப்பானின் வால்வை ஓடும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்துவிடாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் போகும். உள்ளே அரிப்பு, ரெகுலேட்டரில் (காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகத்தில்) ஒட்டல், அதனால் வேகம் ஏறி இறங்கும், தாளில் குறிகள் மேலும் கீழுமாக நீளும். வீரர் பாவம், மூச்சுப் பயிற்சியை மாற்றிக்கொண்டிருப்பார். கிளப்பில் கம்ப்ரெசர் வாங்கினால் வடிகட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள். சிலிண்டரில் அச்சிட்ட தேதியிலிருந்து பத்து வருஷம் தாண்டினால் சர்வதேச விதிப்படி போட்டியில் ஏற்க மாட்டார்கள். இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

சேமிப்பு பற்றிச் சொல்லாமல் முடியாது. தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாங்கிப் பதுக்கியவர்களின் சரக்கு அலமாரியிலேயே கெட்டுப்போவதைப் பார்க்கிறோம். .22 குண்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் விட்டால் அது இளகி அட்டையில் ஒட்டும், தூசியைப் பிடிக்கும், அந்தத் தூசி பேரலுக்குள் போகும். ரப்பர் வளையம் வைத்த இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் வறுத்துத் திரும்பப் போடலாம். அட்டைப் பெட்டியிலிருந்து பிரித்துப் பாட்டிலில் கொட்டிவைக்காதீர்கள், லாட் எண் தொலைந்துபோகும். துருப் பிடிக்கும் என்று தோட்டாவுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் அந்தத் தோட்டா வெறும் ஈயத் துண்டு. வேதாரண்யம், நாகைப் பக்கம் உப்புக் காற்று வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பிறகும் ஸ்டோரைத் தரையோடு தரையாக வைத்திருக்கும் கிளப் எதுவானாலும், தயவுசெய்து இடுப்பு உயரத்துக்காவது ஏற்றுங்கள்.

பழைய, ஈரம் பட்ட சரக்கைச் சுட்டுத் தீர்க்கும்போது ரேஞ்ச் ஆபீசர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தோட்டா வெடிக்கவில்லையென்றால் முனையை டார்கெட் பக்கமே வைத்துக் குறைந்தது 30 வினாடி காத்திருந்துதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். ஃபயரிங் பின் விழுந்த தடம் லேசாக இருந்தால் கோளாறு துப்பாக்கியில்: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது போல்ட்டில் அழுக்கு. தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் விளிம்பின் அந்த இடத்தில் பிரைமர் மருந்து இல்லை அல்லது கெட்டுவிட்டது. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று அப்படி வந்தால் லாட் எண்ணைக் குறித்துத் திருப்பிக் கொடுங்கள். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று வந்தால் அடுத்த ரவுண்டைப் போடவே கூடாது. குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளலாம் என்று அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். .22 ரிம்ஃபயரில் (விளிம்பில் பிரைமர் உள்ள வகை) அது நடைமுறைக்கு ஒத்துவராது. மற்ற வகைகளில் நம் ஆயுதச் சட்டத்தின்படி அது உற்பத்தி, உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். அந்தப் பேச்சை அதோடு விடலாம்.

பன்னெண்டு போர் (12 bore) ஷாட்கன் ஆட்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். டிராப்பில் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டியில்) ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தகுதிச் சுற்றில் 125. தட்டுக்கு இரண்டு ஷாட் அனுமதி. பயிற்சியில் ஒரு பேரலை மட்டும் லோடு செய்து பழகினால் கார்ட்ரிட்ஜும் மிஞ்சும், முதல் ஷாட்டும் திருந்தும். போட்டி விதியே 24 கிராம் ஈயம் என்னும்போது பயிற்சிக்குக் கனமான லோடு வாங்குவது வீண் செலவு, தோளுக்கும் கேடு. பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார் என்பதால், டிராப் நமக்கு எட்டாத விளையாட்டு என்று யாரும் சொல்ல முடியாது.

உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு இரண்டு விஷயம். 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விளையாட்டு வீரர்களுக்கான ஆண்டு அளவை உயர்த்தியது: .22க்கு 1,000இலிருந்து 5,000, மற்ற பிஸ்டல், ரிவால்வர் வகைகளுக்கு 2,000, ஷாட்கன்னுக்கு 500இலிருந்து 5,000. ஆனால் பழைய எண் எழுதிய லைசென்ஸைக் காட்டினால் டீலர் பழைய அளவுக்குத்தான் கொடுப்பார், அவர் மேல் தப்பில்லை. அளவை மாற்றி எழுத மனுக் கொடுக்கிறவர்களுக்கு, புதுப்பிக்கும் நாள்வரை காத்திருக்கச் சொல்லாமல், தனியாக முடித்துக்கொடுங்கள். கூட்டு ஆர்டர் ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வரும்போது இது இல்லாமல் வேலை நடக்காது. இரண்டாவது, தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவில், போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கும் வீரர்களுக்கு என்ன நடைமுறை என்பதை ஒரு வரியில் தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு அர்த்தம் ஆகிறது.

பொதுத்துறைக்கும் ஒரு வார்த்தை. திருச்சி அருகே நவல்பட்டில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது. அதே திருச்சியில் டாங்கியைத் துளைக்கும் குண்டுக்கு டங்ஸ்டன் கலப்பு உலோகத்தில் ஊசி செய்கிறார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு 2.6 கிராம் ஈயக் குண்டுக்காக ஜெர்மனியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்நாட்டில் வரும் .22 பயிற்சிக்கு, குறிப்பாக நிலையும் மூச்சும் பழக, தாராளமாக உதவும். போட்டித் தரத்துக்கு ஒரு வரிசை தொடங்க முடியுமா என்று மாநிலச் சங்கம் எழுத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்த மடலுக்குப் பதில் சொல்ல நினைக்கும் கிளப் நிர்வாகிகள் முதலில் ஒரு காரியம் செய்தால் போதும். ஸ்டோரைத் திறந்து, எந்தக் காலிபர், எந்த பிராண்டு, எந்த லாட், எத்தனை ரவுண்டு என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். எத்தனை கிளப் ஒட்டுகிறதோ அத்தனை கிளப்பை வைத்துக் கூட்டு ஆர்டர் பேச்சைத் தொடங்கலாம். லாட் சோதனை நாளன்று தாள் மாற்றவும், அளக்கவும், கணக்கெழுதவும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களில் துப்பாக்கி சுடுதல் பயில்கிறவர்களும் பயிற்றுவிக்கிறவர்களும்