ஓடாத கல்யாண டிவிடியைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2000-களில் நம் ஊர்க் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் டிவிடியில்தான் வீட்டுக்கு வந்தன. இப்போது போட்டுப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது, உடனே 'போச்சு' என்று தூக்கிப் போடுகிறார்கள். கணினி பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் நிறைய டிஸ்க் மீட்கக்கூடியவை.

விண்டோஸில் காப்பி செய்யும்போது ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று பிழைச் செய்தி காட்டிவிட்டு அந்த ஃபைலையே கைவிட்டுவிடும். ஆனால் கெட்டுப்போனது சில செக்டர்களாக, அதாவது பதிவைப் பிரித்து வைத்திருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கலாம், டிவிடியில் ஒரு செக்டர் வெறும் 2048 பைட். விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், படிக்க முடிகிற பகுதியை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்தும் வைக்கும், அதனால் அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு, மிச்சத்துக்கு மட்டும் முயற்சி செய்யலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். சில நொடி படம் சிதறினாலும் தாலி கட்டும் காட்சி கிடைத்தால் போதாதா?

தயவுசெய்து பற்பசையை எடுத்துத் தேய்க்க வேண்டாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவு ஓடும் பாதையிலேயே நீளமாகப் படியும், டிஸ்க்கில் உள்ள பிழைதிருத்தும் ஏற்பாட்டால் அதைச் சமாளிக்க முடியாது. சிடியில் பெயர் எழுதும் பக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், பதிவு அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே உரிந்தால் உரிந்ததுதான். நடுத்துளை அருகே விரிசல் விட்ட டிஸ்க்கை டிரைவில் போடவே கூடாது, வேகத்தில் உள்ளேயே சிதறிவிடும்.

ஹேண்டிகேமில் எடுத்த சின்ன டிவிடி கணினியில் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் மட்டும் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

இவற்றை எல்லாம் தள்ளிப்போடவும் முடியாது. வீட்டிலும் ஸ்டுடியோவிலும் எழுதிய டிஸ்க்கில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு, வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கிக்கொண்டே போகும், முழுக்க மங்கியதை எந்த மென்பொருளும் மீட்காது. புது லேப்டாப்களில் டிரைவே வருவதில்லை. எனவே மாவட்ட மைய நூலகங்களில் ஒரு கணினியும் வெவ்வேறு வகை டிரைவ் இரண்டு மூன்றும் வைத்து, மக்கள் தங்கள் டிஸ்க்கைக் கொண்டுவந்து பென்டிரைவில் ஏற்றிக்கொள்ள அரசு வழி செய்ய வேண்டும். பெரிய செலவு இல்லை. உங்கள் நாளிதழ் இதை எடுத்து எழுதினால் நடக்கும் என்று நம்புகிறேன்.

– வாசகர், ஈரோடு