சீட்டை ‘பிளாக்’ செய்யும் முன் நான்கு ஆண்டுக் கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்று மாலையே பொறியியல் கல்லூரி ஏஜென்ட்டிடமிருந்து வீட்டுக்கு போன் வந்துவிடுகிறது. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கடைசி ரெண்டு சீட்தான் சார், பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டு பிளாக் பண்ணிடுங்க.’ தரவரிசைப் பட்டியலே வெளிவராத நேரத்தில், பயத்தில் பலர் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரம் போனால் போகட்டும். பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் நான்கு ஆண்டுச் செலவும் அடங்கியிருக்கிறது. அது பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்த தொகையைப் பாருங்கள். அரசு தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் கவுன்சலிங்கில் வந்தால் ஆண்டுக்கு ரூ.50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் ரூ.55,000. கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு என்றால் அதே வரிசையில் ரூ.85,000, ரூ.87,000. அதே வகுப்பு, அதே பெஞ்ச், அதே வாத்தியார். இந்த வித்தியாசத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு ரூ.25,000 அளவுக்குக் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பது, எல்லாமே கவுன்சலிங் வழியாகப் போனால்தான். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கவுன்சலிங் தொடங்கிய பிறகு அலைந்தால், வருவாய் ஆய்வாளர் கையெழுத்துக்குள் சுற்று முடிந்துவிடும்.

சிறுபான்மையல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. ஆண்டுதோறும் கடைசிச் சுற்று முடிந்தும் பல ஆயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளைத் தவிர மற்றவற்றில் ‘கடைசி ரெண்டு சீட்’ என்பது வெறும் விற்பனைப் பேச்சு. கட்டாஃப் (தரவரிசை மதிப்பெண்) கணக்கு எளிது: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. போன ஆண்டு அதே கல்லூரி, அதே பிரிவு, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாக எந்தக் கட்டாஃபுக்குப் போனது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. அதை வைத்து, போன ஆண்டுக் கணக்கில் எட்டாதவை சில, எட்டக்கூடியவை பல, நிச்சயம் கிடைப்பவை சில என்று விருப்பப் பட்டியலை நீளமாகக் கொடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துக் கல்லூரி மட்டும் எழுதிவிட்டு, எதுவும் ஒதுக்கீடு ஆகாமல் நிற்பவர்கள்தான் அந்த ஏஜென்ட்டின் இரண்டாவது போனுக்கு மாட்டுகிறார்கள். பட்டியலில் பிரிவின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரி என்ற பெயரை நம்பி அதைத் தேர்வு செய்துவிட்டு, கட்டணம் கட்டும்போது விழிப்பவர்கள் உண்டு.

கல்விக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். கவுன்சலிங் இணையதளத்தில் கல்லூரி வாரியான தகவல் தொகுப்பு இருக்கிறது. விடுதி அறை வாடகை, மாத மெஸ் பில், காப்புத்தொகை, பேருந்துக் கட்டணத்தின் குறைந்தபட்சம், அதிகபட்சம் எல்லாம் அதிலேயே வரும். அதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதில் வராதவற்றைக் கல்லூரியில் நேரில் கேட்க வேண்டும்: வேலைவாய்ப்புப் பயிற்சிக்குத் தனியாக எவ்வளவு, தேர்வுக் கட்டணம் எவ்வளவு, லேப்டாப் அவர்களிடமே வாங்க வேண்டுமா, விடுதியில் இடையில் விலகினால் மீதிப் பணம் வருமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில்.

கடன் வாங்கிப் படிப்பவர்கள் இதையும் போட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டிதான் என்றாலும் முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி ரூ.50,000, அடுத்ததற்கு ரூ.40,000, பிறகு ரூ.30,000, ரூ.20,000. ஆக ரூ.1.40 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ.5.40 லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய ரூ.7,140 வேண்டும். முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்வித் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்புகளான நாக் அல்லது என்.பி.ஏ.வின் அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்கல்வி படித்தால், இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. வருமானச் சான்றிதழோடு கடன் தரும் வங்கிக் கிளையிலேயே கேட்டு வாங்க வேண்டும். ஒன்றைக் கவனிக்கவும்: நாக் மொத்தக் கல்லூரிக்குத் தருவது, என்.பி.ஏ. பிரிவு பிரிவாகத் தருவது, அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்.பி.ஏ.வை வாசல் பேனரில் போட்டு, புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு ஆள் சேர்ப்பது வாடிக்கை.

‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்ற விளம்பரத்துக்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், அதற்குக் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்பாக வைத்திருக்கும். அதில் முதலாண்டு சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக இருக்கும். 600 பேர் சேர்ந்து 420 பேர் உரிய காலத்தில் முடித்து, அதில் 210 பேர் வேலைக்குப் போயிருந்தால், சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் வேலை. இடைநிலைச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பேனரில் இருக்கும் 24 லட்சம் ஒரே ஒரு பிள்ளையுடையது. இது பிரிவு வாரியாக இருக்காது என்பது குறைதான். தன்னாட்சி பெறாத (தானே தேர்வு நடத்தாத) கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பொறியியல்தான் வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வு என்று குறி இருந்தால் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அரசுக் கலைக் கல்லூரியில் விண்ணப்பத்துக்கு ரூ.50, பட்டியலினத்தவருக்கு ரூ.2. இளநிலையில் கற்பிப்புக் கட்டணமே இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வேறு. மிச்சமாகும் இரண்டு, மூன்று லட்சத்தில் பயிற்சிக்கும் புத்தகத்துக்கும் போதுமான காசு இருக்கும். ஆசிரியர் வேலை குறி என்றால் பட்டத்தின் பெயரில் கவனம் வேண்டும். கவர்ச்சியான புதுப் பெயர் வைத்த பட்டம், அரசாணைப்படி மூலப் பாடத்துக்கு இணையானது என்று அறிவிக்கப்படாவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும். பொதுத்துறை நிறுவனங்களுக்கு கேட் தேர்வு எழுத நினைப்பவர்களும் விளம்பரத்தில் எந்தெந்தப் பிரிவுகளை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட்டே பிரிவைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிவிட்டவர்கள் ரசீதைத் தேடி எடுங்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. குறிப்பிடும் கடைசித் தேதிக்குள் விலகினால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களையும் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. ரசீது இல்லாமல் கையில் கொடுத்த பணத்துக்கு இந்த விதி உதவாது.

கவுன்சலிங் காலத்தில் தங்கள் நாளிதழ் கட்டாஃப் அட்டவணைகளைப் பக்கம் பக்கமாக வெளியிடுகிறது. இந்த ஆண்டு அதே அட்டவணையில் ஒவ்வொரு கல்லூரிக்கும் பக்கத்தில் மெஸ் பில், பேருந்துக் கட்டணம், இடைநிலைச் சம்பளம் என மூன்று பத்திகள் கூடுதலாகப் போட முடியுமா? விவரம் எல்லாம் பொதுவெளியில்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
நாமக்கல்.