மனு போடும் நாள்

ஐயா,

ஏற்காட்டில் காபித் தோட்டக் கூலியான என் அம்மா, வெளி மாவட்டச் சிறையொன்றில் விசாரணைக் கைதியாக இருக்கும் என் தம்பியை மனு போட்டுப் பார்ப்பதற்காக, ஒருநாள் கூலியை இழந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் பேருந்து மாறிச் செல்கிறார். சென்ற மாதம், பாலித்தீன் உறையில் ஆதார் அட்டையைப் பொத்தி எடுத்துச் சென்றவரை, மனு நேரம் முடிந்ததென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பிரிக்காமல் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தை வீட்டில் இன்னும் யாரும் தொடவில்லை.

குடும்பத்தாரைச் சந்திப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வு, தனிமனிதச் சுதந்திர உரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1981இலேயே கூறியிருக்கிறது. 'இ-முலாகாத்' இணையதளத்தில் காணொலிச் சந்திப்புக்குப் பதிவு செய்யலாம் என்றாலும், கைப்பேசியில் எண்களை மட்டுமே அழுத்தத் தெரிந்த தாய்க்கு அதை யார் செய்து கொடுப்பது? மலைக் கிராமத்தாருக்கு இ-சேவை மையங்களிலேயே அந்தப் பதிவைச் செய்துதர அரசு உத்தரவிட வேண்டும்.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு என்பதையும், 15100 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும் ஐந்து மாதம் கழித்தே அறிந்தோம். சிறை வாசல்தோறும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

வாரந்தோறும் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறேன். காபி பூத்த செய்தியை மட்டும் பலமுறை படித்ததாகச் சொன்னான்.

ஒரு வாசகர்,
ஏற்காடு.