மோட்டச்சைக்கிள் லீசிங்: உண்மை வட்டியைத் தமிழில எழுதித் தாங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் என்ர தம்பியின்ர மகன் மோட்டச்சைக்கிள் எடுக்கேக்க பிணைக்கு நான்தான் போனனான். டவுனில ஒரு லீசிங் கொம்பனி, பேர் வேண்டாம். பேப்பர் முழுக்க இங்கிலிசு, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால புள்ளடி போட்டு வச்சிருந்தவை, அந்த இடமெல்லாம் சைன் வைக்கச் சொன்னவை. வட்டி எவ்வளவு எண்டு கேட்டன், "15 வீதம்தான் ஐயா" எண்டினம், நானும் நம்பி வச்சிட்டன்.

எடுத்தது 4 லட்சம், 3 வருசம். வட்டி மட்டும் 180,000, மொத்தம் 580,000, மாசம் 16,111 ரூபா. வீட்ட வந்து இருந்து பாக்கேக்கதான் விளங்கினது, இது ஃப்ளாட் ரேட், அதாவது பாதிக்கு மேல முதலைக் கட்டி முடிச்ச பிறகும் அந்த 4 லட்சத்துக்கும் சேத்துத்தான் வட்டி ஓடும். மிச்சமிருக்கிற முதலுக்கு மட்டும் வட்டி எண்டு கணக்குப் பாத்தால் வருசத்துக்கு 26 வீதத்துக்குக் கிட்ட வருது ஐயா! பாங்கில மிச்ச முதலுக்கு மட்டும் 18 வீதம் எண்டால் ஐயோ கூட எண்டு ஓடி வாற எங்கட பெடியள் இங்க 15 எண்டவுடன சந்தோசமா கையெழுத்து வைக்கிறாங்கள்.

2020 இல நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 இலதான் திரும்ப விட்டவை, அதுக்கிடையில பழைய மோட்டச்சைக்கிளே ஆனை விலைக்குப் போனது, கைக்காசுக்கு எடுக்கேலாது, அது உண்மை. ஆனா லீசிங்குக்குப் போக முதல் ஊர்ச் சிக்கன கடனுதவிச் சங்கத்தில ஒருக்கா கேட்டுப் பாருங்கோ. வீட்டில நகை கிடந்தால் பாங்கில அடைவு வைக்கலாம், கையில காசு வரேக்க கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாம், சைக்கிளின்ர பதிவுப் புத்தகமும் உங்கட பேரிலயே இருக்கும். லீசிங்கில கட்டி முடியுமட்டும் புத்தகத்தில உரிமை கொம்பனிக்குத்தான், தவணை பிந்தினால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவினம். நகையும் மீட்காட்டி ஏலத்தில போகும்தான், அதையும் யோசிச்சுத்தான் வைக்கோணும்.

மத்திய வங்கி 2023 இல நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கு எண்டு ஒழுங்குவிதி கொண்டு வந்தது. அப்பிடியிருக்க யாழ்ப்பாணத்தில ஒரு தமிழ்ப் பெடியனுக்கு மொத்தம் எவ்வளவு கட்டோணும், உண்மை வட்டி என்ன எண்டு தமிழில ஒரு தாளில எழுதிக் குடுக்க என்ன கஷ்டம்? உங்கட பத்திரிகை இதைக் கொம்பனிக்காரரிட்டக் கேக்கோணும்.

எங்கட பெடியன் மேசன் வேலைக்குப் போறவன். மாரி தொடங்கினால் கிழமைக்கு ரெண்டு நாள்தான் வேலை, 16,111 ரூபா அந்த மாசத்திலயும் கட்டோணும்.

இப்படிக்கு,
பிணை வச்ச பெரியப்பா, கோண்டாவில்