மெலோத்திக்கு இசை வெறும் பொழுதுபோக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலிய நவீனச் சிற்பிகள் பற்றிய கட்டுரையில் ஃபாஸ்டோ மெலோத்திக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு நன்றி சொல்லி எழுதவேண்டிய கடிதம் இது. ஆனால், "இளமையில் இசை அவருக்குப் பொழுதுபோக்கு, பின்னாளில் தன் சிற்பங்களுக்கு இசைப் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தார்" என்ற வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பெயர் சூட்டியதோடு முடிந்த விஷயமா அது? 1901இல் ரொவெரேத்தோவில் பிறந்தவர், மிலானில் மின்பொறியியல் படித்து 1924இல் பட்டம் வாங்கினார். பியானோவும் கற்றார். அப்புறம்தான் பிரேரா கலைக்கூடத்தில் அடோல்ஃபோ வில்ட்டிடம் சிற்பம் படிக்கப் போனார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. 1935இல் மிலானின் இல் மிலியோனே கூடத்தில் தனிக் கண்காட்சி வைத்தபோதே, மண்ணைப் பிசைந்து உருவம் கொண்டுவருவது முக்கியமல்ல, ஓர் அளவை எடுத்துக்கொண்டு இசையில் செய்வதுபோல அதை மாற்றி மாற்றி வளர்ப்பதுதான் முக்கியம் என்ற கருத்தை எழுதியே வைத்தார். அந்தக் காலத்துச் சிற்பங்களுக்கு 'சிற்பம் எண் 17' என்பதுபோல வெறும் எண்தான். இசைப் பெயரே இல்லாதபோதும் உள்ளே இசையின் கணக்கு இருந்திருக்கிறது. இந்த ஒன்றுக்கே உங்கள் கட்டுரையாளரின் வரி நிற்காது.

நான் பியானோ சொல்லித் தருகிறவள். பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன், அதாவது இரண்டு கையும் ஆளுக்கொரு மெட்டு பாடும் சின்னப் பாட்டு, வந்ததும் குழந்தைகள் திணறிப்போவார்கள். வலது கை பாடுகிறது, இடது கை துணைக்கு வருகிறது என்றே நினைப்பார்கள். இடது கையும் அதே மெட்டைத் தன் போக்கில் பாடுகிறது என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாது. ஒரு நாள் ஒரு மாணவிக்கு முன்னால், மெலோத்தியின் 'கவுன்டர்பாயின்ட்' (தனித்தனி மெட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து போகும் இசை முறை) வரிசைச் சிற்பம் ஒன்றின் படத்தை நோட்டுத் தாங்கியில் வைத்தேன். மெல்லிய பித்தளைக் கம்பிகள், அவற்றிலிருந்து தொங்கும் சின்னச் சின்ன வடிவங்கள். மேலே பார்த்த வளைவு, கொஞ்சம் தள்ளி, வேறு உயரத்தில் மறுபடியும் வருகிறது. அந்தப் பெண் கம்பியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், "மிஸ், இது அதேதான், லேட்டா வருது" என்றாள். இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னேன். முதல் தடவையாக அதை ஒரு பாட்டாக வாசித்தாள். அழகுக்காகச் சூட்டிய பெயரால் இது நடக்காது, ஐயா.

அதே பத்தியில் "பல ஆண்டுகளைப் பீங்கானில் கழித்தார்" என்றும் இருக்கிறது. ஏன் கழித்தார் என்று ஒரு வார்த்தை வேண்டாமா? 1935 கண்காட்சியை இத்தாலியில் ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. 1943இல் மிலானில் விழுந்த குண்டுகளில் அவருடைய பட்டறை போனது. பிழைப்புக்கும் மண்தான், ஆறுதலுக்கும் மண்தான் என்றானது. கட்டடக் கலைஞர் ஜோ பொந்தியோடு சேர்ந்து வெனிசுவேலாவின் காரகாஸில் பிளான்சார்த் மாளிகை வரைக்கும் அந்தப் பீங்கான் போயிருக்கிறது. அதே களிமண்ணில்தான் சின்ன மேடைகள்போல் அறை அறையாக அடுக்கிய 'தியாத்ரீனி'களையும் செய்தார். 1967இல் மிலானில் மறுபடி கண்காட்சி வைத்து ஊர் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. 1986 ஜூனில் இறந்தார். வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியின் தங்கச் சிங்க விருது அதே ஆண்டு, அவர் நினைவுக்குத்தான் வந்தது. இவ்வளவு காத்திருந்த மனிதரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

இது முதல் முறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சிற்பி லூச்சியோ ஃபொந்தானா பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் மெலோத்தி, 'பிரேராவில் உடன் படித்த நண்பர்' என்று அடைப்புக்குறிக்குள் வந்து போனார். 2024இல் பியானோ மேதை மௌரித்சியோ பொல்லினி மறைந்தபோது உங்கள் இசைப் பக்கத்தில் நீண்ட அஞ்சலி வந்தது. மெலோத்தி அவருடைய சொந்தத் தாய்மாமன் என்பது அதில் எங்கும் இல்லை. அப்போதே ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. உங்கள் ஓவியப் பக்கத்தைப் பார்க்கிறவரும் இசைப் பக்கத்தைப் பார்க்கிறவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லையோ என்று வருத்தமாக இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்க முடியாத ஒருவர் விஷயத்திலேயே இப்படி என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

சென்ற இதழ்க் கட்டுரையோடு வந்த மெலோத்தி சிற்பத்தின் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிற்பத்தின் மேல்பகுதியையும் வலது ஓரத்தையும் வெட்டி, தலைப்பு எழுத்துக்கு இடம் செய்திருக்கிறீர்கள். அவர் சிற்பத்தில் கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடமும் சேர்த்தி. ராகத்தில் நிறுத்தம் எப்படியோ அப்படி. ஓரத்தை வெட்டினால் தாளமே போய்விடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்தப் படத்தை வெட்டாமல் முழுதாக, ஆண்டும் உலோகத்தின் பெயரும் சேர்த்து, கால் பக்கத்திலாவது அச்சிடுங்கள். என் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி ஒருத்தி,
திருச்சி.