மழைநாளில் கடை வாசலுக்கு அட்டைப்பெட்டி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக் கூட்டமும் வடகிழக்குப் பருவமழையும் கடைகளுக்குச் சேர்ந்தே வருகின்றன. ஜவுளிக்கடையோ மாலோ, நுழைந்தவுடன் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது பாலிஷ் கிரானைட். காய்ந்திருக்கும்வரை குறையில்லை. ஆனால் வழவழப்பான பரப்பில் செருப்புக்கு அடியில் சிக்கும் நீர் விலகிப்போக இடுக்கு இல்லை. அந்த மெல்லிய படலம் போதும், பிடிமானம் போய்விடும்.

பல கடைகளில் இதற்குச் செய்யும் வைத்தியம், அட்டைப்பெட்டியைப் பிரித்து வாசலில் விரிப்பது. கொஞ்ச நேரம் ஈரத்தை இழுக்கும். ஊறியபின் அட்டையே டைல்ஸ் மேல் நகரும். மிதித்தவர் அதோடு சேர்ந்து போவார். சாக்கும் அப்படித்தான். அடியில் ரப்பரும் சரிவான ஓரமும் உள்ள மேட்தான் வேண்டும். ஒரே எட்டில் தாண்டிவிடும் துண்டு மேட்டால் பயனில்லை. இரண்டு காலும் சில முறை பதியும்படி உள்நோக்கிக் குறைந்தது 3 மீட்டராவது இருக்கட்டும். வெளியே சேறு சுரண்ட முரட்டு மேட், உள்ளே நீர் உறிஞ்சும் மேட். உள்மேட்டை மிதித்து நீர் கசிந்தால் உடனே மாற்ற வேண்டும். அதற்குக் காய்ந்த மாற்று மேட் கையிருப்பில் வேண்டும். குடை ஸ்டாண்ட் கதவுக்கு வெளியே.

துடைக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. பினாயிலையும் சோப் ஆயிலையும் தாராளமாக ஊற்றினால் சுத்தம் கூடிவிடாது, வாசனைதான் கூடும். மிச்சம் தரையில் படிந்து, அடுத்த முறை ஈரம் பட்டதும் கொழகொழக்கும். லேபிளில் உள்ள அளவை அளந்தே ஊற்ற வேண்டும். மருந்துத் தண்ணீருக்கு ஒரு வாளி, மாப்பு அலச இன்னொரு வாளி. சமையலறை மாப்பு வாசலுக்கு வரவே கூடாது, எண்ணெயும் கூட வரும். நடைபாதையில் பாதி அகலத்தைத் துடைத்து, அது காயும்வரை மறுபாதியில் ஆட்களை விடலாம். மழை பெய்யும்போது வாசலில் வைப்பரால் நீரைத் தள்ளி, காய்ந்த மாப்பால் ஒற்றி எடுப்பதே சரி. நன்றாகப் பிழிந்த மாப்பும் ஈரத்தை விட்டுத்தான் போகும்.

தரையைத் துடைக்கும் முன் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை வைத்து, தரை காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க நிற்கும் பலகையை ஒரு வாரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மழையில்லாத நாளிலும் ஒரே இடத்தில் நீர் தேங்குகிறதா? ஏசி டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சக்கர நாற்காலிக்கென்று 1:12 சரிவில் (12 அடிக்கு 1 அடி உயரம்) சாய்தளம் கட்டிவிட்டு, அதன் மேலும் பாலிஷ் கிரானைட் பதிப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. அங்கே சொரசொரப்பான ஃபிளேம்டு கிரானைட் பதிக்கலாம். டைல்ஸ் என்றால் ஆர்-9 முதல் ஆர்-13 வரை உள்ள வழுக்குத் தர எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். மழைபடும் வாசலுக்கு ஆர்-11க்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே பதித்த படிகளின் விளிம்பில் 2 அங்குல சொரசொரப்பு டேப் ஒட்டலாம். ஓரம் கிளம்பினால் அன்றே மாற்றுங்கள், இல்லையேல் அதுவே காலைத் தடுக்கும்.

வணிகக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் தருமுன் வாசலிலும் சாய்தளத்திலும் பதித்த தளத்தின் தர எண்ணையும் அதிகாரிகள் கேட்டுப் பெற வேண்டும்.

– கட்டடப் பராமரிப்புத் துறை வாசகர், சென்னை