ஊட்டி ஆலையைச் சங்கமா மூடியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கப் பெருமுதலாளிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கார்னகி, ராக்பெல்லர் கதையெல்லாம் நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்தியில், போகிற போக்கில், கொடி பிடித்தே மூட வைத்த ஆலைக்கு ஊட்டி பிலிம் ஆலை உதாரணம் என்று ஒரு வரி. சரி, எழுதியவருக்கு அது ஒரு வரி. நான் அந்த ஆலையில் வேலை பார்த்தவன்.

எச்.பி.எஃப். என்கிற அந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில், பிலிம் மேல் ரசாயனம் பூசும் கோட்டிங் பிரிவில் வெளிச்சம் கூடாது. எதிரே வருகிறவர் மேல் முட்டிக்கொள்ளாமல் இருக்க, 'வரேன், வரேன்' என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்போம். அந்த இருட்டில் யார் கொடி பிடிப்பது? பிடித்தாலும் யார் கண்ணுக்குத் தெரியும்? பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடனும் வட்டியும் ஒரு பக்கம், டிஜிட்டல் கேமரா மறுபக்கம், இவைதான் ஆலையைச் சாய்த்தன. இது உங்களுக்குத் தெரியாததா? பிலிம் தயாரித்த கோடக் கம்பெனி அமெரிக்காவில் தன் ஊரான ராசெஸ்டரில் சங்கத்தை அண்டவே விட்டதில்லை. 1912 முதலே லாபத்தில் பங்கு கொடுத்துத் தொழிலாளிகளைத் தன் பக்கம் வைத்திருந்தது. அந்தக் கோடக்கே 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அங்கே போய்க் கொடி பிடித்தது யாராம்?

கார்னகி 2,500க்கு மேல் நூலகம் கட்டியதை எழுதியவர், 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் நடந்ததை ஏன் விட்டார்? கூலியைக் குறைத்தார்கள், ஆலைக் கதவைப் பூட்டினார்கள், பிங்கர்டன் என்ற தனியார் காவல் கம்பெனியின் ஆட்கள் 300 பேரை ஆற்று வழியாகப் படகில் இறக்கினார்கள். துப்பாக்கிச் சண்டையில் இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. வள்ளல் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். பழி மேனேஜர் பிரிக் தலையில். பன்னிரண்டு மணி நேரம் உலையடியில் நின்றவன் எந்த நேரத்தில் நூலகம் போவான் என்றும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். எஸ்டேட் பெயர் வேண்டாம். நிறுக்கும் இடத்தில், தராசு முள் ஆட்டம் நிற்குமுன்பே கணக்குப்பிள்ளை எடையைச் சொல்லிவிடுவார். மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. எவ்வளவு என்று வாய் திறந்தால் மறுநாள் பேர் விழாது. சங்கம் வந்த பிறகுதான் கழிவு இத்தனை என்று எழுதி ஒட்டினார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. என்னைக் கையோடு கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'இன்னொரு தடவை படி' என்றார். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே வந்துவிட்டது. வீடு, கக்கூஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் அதில் இருந்தது. புத்தகத்தில் இருந்ததை லயத்துக்கு, அதாவது நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, கொண்டுவர நடையாய் நடந்தவர்கள் சங்கக்காரர்கள். அவர்களில் வசூல் பேர்வழிகளும் இருந்தார்கள். அதை நான் மறைக்கவில்லை.

உங்கள் பத்திரிகைக்கு மே மாதம் வந்தால்தான் ஊட்டி ஞாபகம் வரும். மலர்க் கண்காட்சிக்கு நடுப்பக்கம் முழுக்கக் கலர் படம். அதே மாதம் முதல் தேதிக்கு ஒரு மூலை கூடக் கிடையாது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நாட்டில் நடத்துகிற பத்திரிகை இது! பனியில் கருகும் தேயிலை, பச்சைத் தேயிலை விலை என்று எத்தனை கடிதம் எழுதினேன். ஒன்று வந்தது, அதுவும் பாதி.

கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. நீங்கள் செய்யவும் மாட்டீர்கள். ஆலைக்கான நிறுவனம் தொடங்கியது 1960-இல். 1970 என்று போட்டிருக்கிறீர்கள். அதையாவது அடுத்த இதழில் திருத்திப் போடவும். இரண்டு வரி போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் போடுவீர்கள் என்றால், எங்கம்மா வருகிற பத்தியை விட்டுவிட்டு மற்றதில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
இந்து நகர், ஊட்டி